டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

“நல்லாத்தானே ஓடுது அண்ணன், மறுகா பார்ப்பம்.” டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குக்கு எங்கள் பக்கத்துக் கராஜ்களில் வழமையாகக் கிடைக்கும் பதில் இது. பிரேக் தேய்ந்தால் சத்தம் போடும். கிளச் தேய்ந்தால் வழுக்கும். டயர் மொட்டையானால் கண்ணுக்கே தெரியும். டைமிங் பெல்ட்டோ அறும் நிமிடம் வரைக்கும் நல்லாத்தான் ஓடும். அதனால் வண்டி நன்றாக ஓடுகிறதா என்று பார்த்து இந்த முடிவை எடுக்க முடியாது. கடைசியாக எந்த ஆண்டில், எத்தனை கிலோமீற்றரில் மாற்றினோம் என்ற கணக்கை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இல்லையென்றால் இப்போதே மாற்றிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஓடும் வாகனங்களுக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறுந்தால் என்ன நடக்கும்?

எஞ்சினின் அடியில் கிராங் சுழல்கிறது. மேலே கேம் சுழன்று வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றி முடிக்கும்போது கேம் சரியாக ஒரு சுற்று முடித்திருக்க வேண்டும். இந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது பல்லு வைத்த ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட்டில் ஓடும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் டீசல் பம்பையும் அதுவே சுழற்றுகிறது. முன்பு இந்த வேலையைச் செயினும் பற்சக்கரமும் செய்தன. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 கார் ரப்பர் பெல்ட்டுடன் வந்தது. சத்தம் குறைவு, பாரம் குறைவு, விலையும் குறைவு என்பதால் மற்றக் கம்பனிகளும் அந்த வழிக்கு வந்தன. அதற்கு ஈடாக, பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்றும் பொறுப்பு வண்டிக்காரரின் தலையில் ஏறியது.

பெல்ட் அறுந்ததும் கேம் நின்றுவிடும். கிராங் உடனே நிற்காது, ஓடி வந்த வேகத்தில் இன்னும் சில சுற்றுச் சுற்றும். திறந்தபடியே நின்றுபோன வால்வின்மீது மேலே வரும் பிஸ்டன் போய் மோதும். வால்வு வளையும், பிஸ்டன் தலையில் அடி விழும், சிலவேளை கேமே முறியும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஆகவே அங்கே சேதம் வராமல் தப்புவது அபூர்வம். பெற்றோல் எஞ்சின்களில் சில தப்பும். உதாரணமாக, கொரோலா 110இல் வரும் 5ஏ எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வழமையாக வால்வு வளையாது. வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும் என்பது மட்டும் அதற்கும் பொது.

பெல்ட்டும் கூலியுமாக முடிந்திருக்க வேண்டிய செலவு அறுந்த பின்பு பெருகிவிடும். ஹெட்டை இறக்க வேண்டும், வால்வுகள் வாங்க வேண்டும், காஸ்கெட் செட் வாங்க வேண்டும், ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டி கராஜில் நிற்கும் நாட்களின் ஹயரும் போகும். இதைவிடப் பெரிய விடயம் அறும் இடம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் போகும் வான் புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவே, யானை நடமாடும் வழியில், இரவில் நின்றால் என்ன நிலைமை என்று ஹயர் ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் வாகனத்தில் பெல்ட் இருக்கிறதா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொனட்டைத் திறந்ததும் வெளியே தெரியும் பெல்ட் ஃபேன் பெல்ட். அது டைனமோவையும் ஏசியையும் சுழற்றுவது, டைமிங் பெல்ட் அன்று. டைமிங் பெல்ட் மூடிக்கு உள்ளே மறைந்து ஓடுகிறது. “போன மாதம்தான் பெல்ட் மாற்றினேன்” என்று சொல்பவர்களில் பலர் மாற்றியது ஃபேன் பெல்ட்டைத்தான். பில்லை எடுத்து எந்தப் பெல்ட் என்று பாருங்கள்.

எங்கள் பகுதியில் அதிகம் ஓடும் வாகனங்களில் பெல்ட் உள்ளவை இவை. எல்எச் வகை டொல்பின் ஹையேஸ் வான்கள். அதற்குப் பின் வந்த கேடிஎச் டீசல் வான்கள். 2சி, 3சி டீசல் எஞ்சின் உள்ள டவுன்ஏஸ், லைட்ஏஸ், கொரோலா வாகன். கொரோலா 110. 4டி56 டீசல் உள்ள மிட்சுபிஷி எல்300. பழைய லான்சர். பழைய ஹொண்டா சிவிக். மாருதி 800, ஆல்டோ 800.

விட்ஸ், அக்சியோ, அலியன், பிரியஸ், அக்குவா, ஜப்பான் வாகன்ஆர், ஆல்டோ கே10, நிசான் சன்னி எப்பி14, எப்பி15 ஆகியவற்றில் செயின். கொரோலா 121 பெற்றோல் என்றால் செயின், அதே 121 டீசல் என்றால் பெல்ட். கேடிஎச் வானிலும் பெற்றோல் எஞ்சின் செயினில்தான் ஓடுகிறது. ஆகவே வாகனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், எஞ்சின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். செயின் உள்ளவர்களுக்கு மாற்றும் தவணை கிடையாது. ஒயிலைக் காலத்துக்கு மாற்றுங்கள், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள், அது போதும். ஓட்டோவுக்கும் பெரிய பஸ், லொறிகளுக்கும் இந்தக் கவலையே இல்லை.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. ஹொண்டா சிவிக் 1.0 டேர்போவில் டைமிங் பெல்ட் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் கம்பனி சொன்ன தர ஒயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது, ஒயில் மாற்றும் தவணையையும் தள்ளிப் போடக்கூடாது. பிழையான ஒயிலும் பழுதான ஒயிலும் அந்தப் பெல்ட்டை அரித்து, துகள்களை ஒயில் வடிகட்டிவரை கொண்டுபோய் அடைத்துவிடும்.

எத்தனை கிலோமீற்றர், எத்தனை ஆண்டு?

பழைய டொயோட்டா பெற்றோல், டீசல் எஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தவணை 100,000 கிலோமீற்றர். கேடிஎச் டீசல்களுக்கு 150,000 கிலோமீற்றர் வரை உண்டு. இந்த எண்களை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்து வரும் ஆண்டுக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெல்ட் ரப்பரால் ஆனது, உள்ளே கண்ணாடி இழை நூல் ஓடுகிறது. வண்டி நின்றாலும் ஓடினாலும் ரப்பர் சூட்டிலும் காற்றிலும் இறுகிக்கொண்டே வரும்.

எங்கள் நாட்டில் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால் ஆண்டுக் கணக்கு ஏன் முக்கியம் என்று விளங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டும் புது வண்டி எடுக்க வழியில்லாமல் பழைய வண்டிகளையே எல்லோரும் வைத்து ஓட்டினோம். இடையில் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. பெற்றோல் செட்டில் நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் பங்கீடு. வண்டிகள் வீட்டு முற்றத்தில் நின்றன. மீற்றர் ஏறவில்லை, ஆண்டு ஏறியது. 2018இல் பெல்ட் மாற்றிய ஒருவர் இன்று மீற்றரைப் பார்த்து “இன்னும் அறுபதாயிரம்கூட ஓடவில்லையே” என்று சொல்லலாம். அவருடைய பெல்ட்டின் வயதோ ஏழைத் தாண்டிவிட்டது. அது மாற்ற வேண்டிய பெல்ட்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் விட்டுப்போன கார்களுக்கும் இதே கணக்கு. கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைப்பதால் பற்றரி காப்பாற்றப்படும், பெல்ட்டின் வயது குறையாது. மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது டைமிங் மூடிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயல் பக்கத்து வீடுகளில் இது நடக்கிற விடயம்.

என் ஆலோசனை இது. டொல்பின் வான், 2சி, 3சி, 4டி56 டீசல்களுக்கு 80,000 கிலோமீற்றர் அல்லது 5 ஆண்டு. கேடிஎச் டீசலுக்கு 120,000 கிலோமீற்றர் அல்லது 6 ஆண்டு. பழைய பெற்றோல் கார்களுக்கு 80,000 கிலோமீற்றர் அல்லது 6 ஆண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே தவணை. உங்கள் வாகனத்தின் கைநூலில் இதைவிடக் குறைந்த தவணை இருந்தால் கைநூலையே பின்பற்றுங்கள். கம்பனிக் கணக்கிலிருந்து நான் ஏன் குறைத்துச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

வாவிக்கரை ஓட்டத்தில் கழிக்க வேண்டியவை

முதலாவது, நின்றபடி ஓடும் எஞ்சின். கல்யாண வீட்டு வாசலிலும் வைத்தியசாலை வாசலிலும் ஏசியைப் போட்டபடி ஹயர் வான்கள் மணிக்கணக்கில் நிற்கின்றன. கிலோமீற்றர் மீற்றருக்கு அது தெரியாது, பெல்ட்டுக்குத் தெரியும். நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் கிராங் 48,000 சுற்றுச் சுற்றுகிறது. அதே வான் 60 கிலோமீற்றர் வேகத்தில் 2,000 சுற்றில் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 2,000 சுற்று. ஆகவே ஒரு மணித்தியாலம் நின்றபடி ஓடுவது 24 கிலோமீற்றர் ஓடுவதற்குச் சமம். நாளுக்கு மூன்று மணித்தியாலம், ஆண்டுக்கு 300 நாள் என்று பார்த்தால் மீற்றரில் விழாத ஓட்டம் 21,600 கிலோமீற்றர். ஐந்து ஆண்டில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஹயர் வான் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் வண்டிக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, சூடும் குறுந்தூர ஓட்டமும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வந்து போகும் ஓட்டம் மிகவும் கூடிவிட்டது. பாடசாலை வான் காலையில் ஓடும், நிற்கும், பகலில் ஓடும், நிற்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு பொனட்டுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தங்குகிறது. ரப்பரை இறுக வைப்பது அந்தச் சூடுதான்.

மூன்றாவது, தூசு. படுவான்கரையில் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில் அறுவடைக் காலத்தில் கிரவல் தூசும் வைக்கோல் தூசும் ஒன்றாகப் பறக்கும். டைமிங் மூடி முழுதாகவும் அதன் ரப்பர் விளிம்பு நல்லபடியாகவும் இருந்தால் பயமில்லை. ஆனால் பழைய வான்களில் கீழ் மூடி உடைந்திருக்கும், அல்லது யாரோ கழற்றியவர் திருப்பிப் பூட்டாமல் விட்டிருப்பார். அந்த வழியால் போகும் மணல் பெல்ட்டின் பல்லையும் டென்ஷனர் பெயரிங்கையும் அரைக்கும்.

நான்காவது, வெள்ளம். மாரியில் வாவி நிரம்பி வயல் வீதிகளுக்கு மேலால் ஓடுவது எங்களுக்குப் புதிதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சில்லின் நடு மட்டத்துக்கு மேல் தண்ணீரில் இறக்கி ஓட்டிய வண்டியென்றால், வெள்ளம் வடிந்ததும் டைமிங் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சேறு படிந்திருந்தால் கழுவிப் பூட்டிச் சமாளிக்க வேண்டாம். பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். பெயரிங்குக்குள் போன தண்ணீர் அதன் கிறீஸைக் கெடுத்திருக்கும், அந்தப் பெயரிங் சில மாதம் கழித்து இறுகிப் பெல்ட்டைத் தின்னும்.

முன்பு மாற்றியதா என்று தெரியாவிட்டால்

வாங்கிய வண்டிக்குப் பழைய பில் இல்லை, விற்றவர் “மாற்றினதுதான்” என்று வாயால் சொன்னார் என்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும் விலையில் பெல்ட் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். மீற்றரில் உள்ள எண்ணை இந்த விடயத்தில் ஆதாரமாகக் கொள்ள முடியாது. மீற்றர் பெட்டி மாற்றப்பட்ட, எண் குறைக்கப்பட்ட வண்டிகள் சந்தையில் இருக்கின்றன.

ஜப்பானில் இருந்து றெக்கண்டிஷனாக வந்த வண்டிகளில் ஒரு தடயம் கிடைக்கலாம். ஜப்பானியக் கராஜ்கள் பெல்ட் மாற்றியதும் ஒரு சிறிய ஸ்டிக்கரை எஞ்சின் மூடியிலோ பொனட்டின் உட்புறத்திலோ கதவு ஓரத்திலோ ஒட்டுவது வழக்கம். எழுத்து விளங்காவிட்டாலும் எண்கள் விளங்கும். கிலோமீற்றர் எண் பெரியதாக இருக்கும். திகதியில் ஆண்டு என்ற இடத்தில் 25 என்றோ 28 என்றோ இருந்தால் திகைக்க வேண்டாம், அது ஜப்பானியரின் சக்கரவர்த்தி ஆண்டு. ஹெய்செய் ஆண்டோடு 1988ஐக் கூட்டுங்கள்: 25 என்றால் 2013. ரெய்வா ஆண்டோடு 2018ஐக் கூட்டுங்கள்: 3 என்றால் 2021. பழைய வானில் ஹெய்செய் 25 என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தால் அதிலிருந்தே இரண்டு செய்தி கிடைக்கிறது. பெல்ட் ஒருமுறை மாறியிருக்கிறது, அதன் தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த ஸ்டிக்கரில் உள்ள கிலோமீற்றர் இன்று மீற்றரில் உள்ளதைவிடக் கூடவாக இருந்தால் மீற்றர் பொய் சொல்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

டொயோட்டா டீசல் வண்டிகளில் டாஷ்போர்டில் டி-பெல்ட் என்ற எச்சரிக்கை லைற் உண்டு. திறப்பை ஓன் செய்ததும் மற்ற லைற்றுகளோடு சேர்ந்து அதுவும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது கழற்றப்பட்டிருக்கலாம். ஓடும்போது எரிந்தால் தவணை வந்துவிட்டது என்று பொருள். ஆனால் அந்த லைற் பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, கிலோமீற்றரை எண்ணி எரிகிறது. ஆண்டுக் கணக்கு அதற்குத் தெரியாது. பெல்ட்டை மாற்றாமல் லைற்றை மட்டும் அணைத்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். லைற் எரியவில்லை என்பதை வைத்து நிம்மதி கொள்ளாதீர்கள்.

திறந்து பார்த்தால் தெரியுமா?

“மூடியைக் கழற்றிப் பார்ப்போம், வெடிப்பு இருந்தால் மாற்றுவோம்” என்பது பழைய காலத்துப் பெல்ட்டுகளுக்குப் பொருந்திய வழி. அன்றைய நியோப்பிரீன் ரப்பர் வயதானால் வெடித்துக் காட்டும். இப்போது வருகிற பெல்ட்டுகள் பெரும்பாலும் எச்என்பிஆர் என்ற ரப்பரால் ஆனவை. சூடு தாங்கும், நீண்ட காலம் உழைக்கும், வெளியே வெடிப்பும் காட்டாது. உள்ளே நூல் களைத்துப்போய், ஒருநாள் பல்லுகள் சரசரவென்று உதிரும். ஆகவே கண்ணால் பார்ப்பதில் ஒருபக்க உண்மைதான் உண்டு. மோசமாகத் தெரிந்தால் நிச்சயம் மோசம். நன்றாகத் தெரிந்தால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் தவணை பார்க்காமல் மாற்றுங்கள்.

டைமிங் மூடிக்குள் ஒயில் கசிந்திருப்பது. கேம் சீலோ கிராங் சீலோ போயிருக்கிறது என்று பொருள். ஒயில் பட்ட ரப்பர் ஊறி மெதுமையாகும். சீலை மாற்றிவிட்டு அதே பெல்ட்டைத் துடைத்துப் பூட்டுவது வீண் வேலை.

மூடியின் அடியில் கூலன்ட் கறை. தண்ணீர்ப் பம்ப் கசிகிறது.

எஞ்சினின் முன்பக்கத்தில் இருந்து விசில் போன்ற சத்தமோ உறுமலோ, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறைவது. டென்ஷனர் அல்லது ஐட்லர் பெயரிங் தேய்ந்திருக்கிறது. பெயரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் அறும்.

பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்திருப்பது, முதுகு கண்ணாடிபோல் பளபளப்பது, பல்லின் அடியில் கீறல். கப்பி ஒன்று சரிந்து ஓடுகிறது, அல்லது பெல்ட்டின் காலம் முடிந்துவிட்டது.

திடீரென்று ஸ்டார்ட் கஷ்டமாகி, இழுவை குறைந்து, டீசலில் புகையும் கூடினால் பெல்ட் ஒரு பல்லுத் தாவியிருக்கலாம். அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது.

புகைப் பரிசோதனைக்கு முன்

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். டீசல் வண்டிகளுக்கு அங்கே அக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி எஞ்சினை அதன் உச்ச வேகத்துக்குப் பல தடவை ஏற்றுவார்கள். வழமையான ஓட்டத்தில் உங்கள் பெல்ட் அந்த வேகத்தைக் காண்பதே அரிது. தவணை முடிந்த பெல்ட்டோடு அங்கே போகாதீர்கள். அனுமதிப்பத்திரம் எடுக்கும் மாதம் எது என்று பார்த்து அதற்கு முதல் மாதம் பெல்ட் வேலையை வைத்துக்கொண்டால் திகதியும் மறக்காது. ஹயர் ஓட்டுபவர்கள் ஆடி மாதக் கதிர்காம ஓட்டம் தொடங்க முன்பும், வயல் பக்கத்தில் இருப்பவர்கள் மாரி தொடங்க முன்பும் வேலையை முடித்துவிடுவது நல்லது.

மாற்றும்போது எவற்றைச் சேர்த்து மாற்றுவது?

பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கூலியில் பெரும்பங்கு கழற்றிப் பூட்டுவதற்குத்தான் போகிறது. அதே வேலையில் டென்ஷனர், ஐட்லர், கேம் சீல், கிராங் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். 2சி, 3சி டீசல்களிலும் பழைய ஹொண்டா சிவிக்கிலும் தண்ணீர்ப் பம்பை டைமிங் பெல்ட்டே சுழற்றுவதால் பம்பும் சேர வேண்டும். பழைய பம்ப் ஆறு மாதத்தில் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும், அதே கூலியை மறுபடி கொடுக்கவும் வேண்டும். டொல்பின் வானின் எல் வகை டீசலில் தண்ணீர்ப் பம்ப் ஃபேன் பெல்ட்டில் ஓடுவதால் அது கசியாத வரை விடலாம். எல்300இன் 4டி56இல் பலன்ஸ் ஷாப்ட்டுக்கென்று இரண்டாவதாக ஒரு சின்னப் பெல்ட் உண்டு. அது அறுந்தால் பெரிய பெல்ட்டில் சிக்கி அதையும் அறுக்கும். இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

பெல்ட்டைப் பெயர் தெரிந்த தயாரிப்பாக, நம்பிக்கையான கடையில், எஞ்சின் இலக்கம் சொல்லி வாங்குங்கள். கடைக் கண்ணாடியோரம் வெயிலில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய பெல்ட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வாங்கிய பெல்ட்டை மடித்துப் பொக்கற்றில் வைப்பதோ, உட்புறத்தை வெளியே திருப்புவதோ கூடாது. உள்ளே உள்ள கண்ணாடி நூல் ஒருமுறை முறிந்தால் வெளியே தெரியாது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பார்க்க வேண்டியது ஒரு கட்டம். பெல்ட்டைப் பூட்டி, டென்ஷனரை இறுக்கிய பிறகு, நல்ல மெக்கானிக் உடனே திறப்பைத் திருப்ப மாட்டார். கிராங் ஆணியில் சாவியைப் போட்டு, எஞ்சின் வழமையாகச் சுழலும் திசையில் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தம் கொடுக்கும்போது சாவி கொஞ்சம் இறுகி, பிறகு விடும். எங்காவது இரும்பில் இரும்பு முட்டுவதுபோல் கடினமாக நின்றால் அவர் அதற்கு மேல் அழுத்தாமல் நிறுத்தி, பிழையைத் தேடுவார். இரண்டு சுற்று முடிந்ததும் டோர்ச்சைப் பிடித்து, கிராங் கப்பியில் உள்ள குறியும் கேம் கப்பியில் உள்ள குறியும் டீசல் பம்ப் குறியும் தத்தம் இடத்துக்கு நேரே வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பார். ஒரு பல்லுத் தள்ளியிருந்தாலும் கழற்றித் திரும்பப் பூட்டுவார். இந்தச் சோதனை செய்யாமல் ஸ்டார்ட் பண்ணுகிறவரிடம் “அண்ணன், ஒருக்கா கையால சுத்திப் பார்ப்பமா?” என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வேலை கொடுக்க முன்பு கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. இந்த எஞ்சினில் முன்பு இந்த வேலை செய்திருக்கிறீர்களா?
2. குறிகள் எங்கே இருக்கின்றன என்று காட்ட முடியுமா?
3. டென்ஷனரும் சீல்களும் விலையில் சேர்ந்திருக்கின்றனவா?
4. கிராங் ஆணியை டோர்க் சாவியால் இறுக்குவீர்களா?
5. உடைந்த மூடி, அதன் ரப்பர் விளிம்பு எல்லாவற்றையும் சரிபண்ணிப் பூட்டுவீர்களா?
6. கழற்றிய பழைய சாமான்களை எனக்குத் தருவீர்களா?

வேலை முடிந்ததும் பில்லில் எஞ்சின் இலக்கம், திகதி, மீற்றர் எண், பெல்ட்டின் தயாரிப்பு, இலக்கம் எல்லாம் எழுதி வாங்குங்கள். டைமிங் மூடியின்மேல் பெயின்ட் பேனையால் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதிவிடுங்கள். வண்டியை நாளைக்கு வாங்குகிறவருக்கும் அது உதவும்.

வழியில் அறுந்துவிட்டால்

எஞ்சின் திடீரென்று செத்துவிடும். பவர் ஸ்டியரிங் பாரமாகும், பிரேக் பெடல் ஒன்றிரண்டு அழுத்தலுக்குப் பிறகு கடினமாகும். பதறாமல், பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரமாக நிறுத்துங்கள். பிறகு ஒரேயொரு தடவை ஸ்டார்ட்டரை அடித்துப் பாருங்கள். வழமையான இறுக்கம் இல்லாமல் எஞ்சின் இலேசாக, வேகமாகச் சும்மா சுற்றினால் பெல்ட் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஊர்ச் சனம் உதவிக்கு வந்து தள்ள நிற்கும், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தப்பியிருக்கக்கூடிய வால்வுகளும் அந்தத் தள்ளலில்தான் வளையும். கியரை நியூட்ரலில் விட்டுக் கட்டி இழுங்கள். தானியங்கிக் கியர் வண்டியென்றால் எஞ்சின் சுழற்றும் சில்லுகளைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். காட்டு வழியில் இரவென்றால் உதவி வரும்வரை ஆட்களை வண்டிக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள்.

முடிவாக

பெல்ட் மாற்றிய பில்லை இந்தக் கிழமை தேடி எடுங்கள். பில் கிடைத்து, ஆண்டும் கிலோமீற்றரும் தவணைக்குள் இருந்தால் அடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். இரண்டில் ஒன்று தாண்டியிருந்தால் கராஜில் நாள் எடுங்கள். பில்லே இல்லையென்றால் தூர ஹயர் எதற்கும் சம்மதிக்க முன்பு பெல்ட்டை மாற்றுங்கள். அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.